பதினாறில் மூன்று

திருவனந்தபுரத்து ஆய்வகம் தந்த உறை மடியில்.
பஸ் நெய்யாற்றின்கரை தாண்டுகிறது.
ஜன்னலோரம் பெனட் தூங்குகிறான்,
அல்லது தூங்குகிறவன்போல் இருக்கிறான்.

காகிதத்தில் கறுத்த புழுக்களை
இரண்டிரண்டாக நிறுத்தி நம்பர் போட்டிருக்கிறார்கள்.
ஒன்று முதல் பதினைந்துவரை ஒழுங்கு.
பதினாறாவது இடத்தில் மூன்று.
அப்புறம் மறுபடி ஒழுங்கு.

"அம்மயுடெ பாகத்துநின்னாவாம்" என்றார் டாக்டர்.
அந்த "ஆவாம்" அவருடைய இரக்கம்.

எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.
பதினோரு வருடமாக மார்த்தாண்டம் கல்லூரியில்
உள்ளிப்பூ மொட்டைக் கீறி
மகரந்தப் பையைச் சிவப்புச் சாயத்தில் நசுக்கி
ஸ்லைடு போட்டுக் கொடுப்பவள் நான்.
துருப்பிடித்த ஊசிதான் நல்லது,
இரும்பு பட்டால் சாயம் கறுத்துப் பிடிக்கும்.
மொட்டை நேரத்தோடு பறிக்கணும்,
பிந்தினால் எல்லாம் முடிந்து
நாலு நாலாகச் சம்மணம் போட்டிருக்கும்.

முதலில் வெறும் நூல்.
ஒவ்வொன்றும் தன்னைப் படியெடுத்துத்
தன் நகலை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கும்.
பிறகு அப்பன் தந்த நூல்
அம்மை தந்த நூலைத் தேடிப் போகும்.
அத்தனை சிக்கலில் எப்படிக் கண்டுபிடிக்கிறது?
எந்தப் பிள்ளையும் இதுவரை கேட்கவில்லை,
கேட்டால் எனக்கும் முழுசாகத் தெரியாது.
கண்டதும் நுனி தொட்டு நுனிவரை ஒட்டிப் படுக்கும்.
அங்கங்கே அறும்.
அறுந்தது எதிராளின் துண்டோடு போய்ச் சேரும்.
சேர்ந்த இடத்தில் ஒரு முடிச்சு.
இழுத்துப் பிரிக்கும் நேரம் வரும்வரை
இரண்டையும் விடாமல் பிடித்திருப்பது அதுதான்.

மகரந்தப் பையில் அந்த நேரம் சீக்கிரம் வந்துவிடும்.
பெண்ணுக்கு அப்படியில்லை.

அம்மைக்கு ஏழாம் மாதம்.
பஸ்ஸுக்குச் சில்லறை மிச்சம் பிடிக்க
குழித்துறைப் பாலத்தை நடந்தே கடந்துகொண்டிருந்தாள்.
அவள் வயிற்றுக்குள் நான்.
என் வயிற்றுக்குள், முடிச்சுவரை போட்டுவிட்டு
அப்படியே நிறுத்திய வேலை.

நின்றது நின்றபடி.
பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் தோற்றபோதும்,
படந்தாலுமூட்டில் பைக்கிலிருந்து விழுந்தபோதும்,
ஏழு வருடம் மஸ்கட்டிலிருந்து பெனட்
"அடுத்த லீவுக்குப் பார்க்கலாம்" என்றபோதும்
முடிச்சு பிடித்துக்கொண்டுதான் இருந்தது.
கயிறுதானே,
முப்பத்தெட்டு வருடம்.

சித்திரையில் ஒரு நாள் இழுப்பு வந்தது.
ஒவ்வொரு ஜோடியும் விலகி,
ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம்.
அந்தப் பக்கம் போனவை
ஒரு சின்னத் துளியில் சுருட்டி ஒதுக்கப்பட்டன.
பதினாறு மட்டும் எப்போதோ கட்டுத் தளர்ந்து
இரண்டுமாக இந்தப் பக்கமே வந்துவிட்டது.
பெனட்டுடையது ஒழுங்காக ஒன்று கொண்டுவந்தது.
கூட்டிப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை.

பாறசாலையில் வண்டி நின்றுவிட்டது.
ஓணத்துக்கு ஏத்தன்குலை ஏற்றிய லாரிகள்,
எங்கள் ஊரிலிருந்து எதிரே, வாலறுந்த ரயில்போல.
ஏத்தனுக்கு எல்லாமே மூன்று மூன்று.
மூன்று பேர் ஜோடி சேர வழியில்லை,
பாதியாகப் பிரியத் தெரியாது,
அதனால் விதையில்லை.
அடியில் கன்று விட்டு, கன்றுக்குக் கன்று விட்டு
அது பாட்டுக்கு இருக்கிறது.
எல்லாமே மூன்றானால் பிழைக்கலாம்போல.
ஒன்றே ஒன்று மட்டும் மூன்றானால்
ஒன்பது வாரம்.

கல்யாண மண்டபத்தில் பெனட்டின் மாமா
மைக்கைப் பிடுங்கி வாழ்த்தினார்:
"பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க."
நினைத்ததும் சிரித்துவிட்டேன், சத்தமாக.
முன்சீட்டுக்காரி திரும்பினாள்.
பெனட் கண்ணைத் திறந்தான்.
"யாருக்க தப்பு?" என்றான்,
தூங்காமல் அதைத்தான் யோசித்திருக்கிறான்.
நான் அவன் சட்டையில் ஆடிய பித்தானைக் காட்டினேன்.
நூல் விட்டிருந்தது.
புரிந்ததா, தெரியாது. அதைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

களியக்காவிளையில் இறங்கிப்
பழம்பொரி வாங்கிவந்தான், செய்தித்தாளில் இரண்டு.
கடித்தேன்.
நடுவில் மங்கலாகக் கறுத்த புள்ளிகள்,
விதையாகத் தொடங்கி நின்றுபோன இடங்கள்.
எண்ணவில்லை.
சூடாக இருந்தது, நாக்கு பொத்துவிட்டது.